புது வீட்டுப் பாத்ரூம் தரையில் வாட்டம் (தண்ணீர் வடியும் சரிவு) சரியில்லை: நான் சரிசெய்த விதம்

வேலைக்குப் போய்வர வசதி என்று எல்லோரும் குடியேறும் ஊரில் கட்டடங்கள் அவசர அவசரமாகத்தான் எழும்புகின்றன. அந்த அவசரத்தைப் பெயின்ட் மறைத்துவிடும், தரை மறைக்காது.

சாவி வாங்கும் முன் பாத்ரூமில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினேன். பாதி வடிகாலுக்குப் போனது, மீதி கதவோரம் தேங்கியது. "போகப்போகச் சரியாயிடும் சார்" என்றார் சூப்பர்வைசர். ஒட்டிய டைல்ஸ் எப்படிப் போகப்போகச் சரியாகும்?

ரசமட்டம் (மட்டம் பார்க்கும் கருவி) வைத்துப் பார்த்தோம். மீட்டருக்கு 1 செ.மீ.யாவது வடிகால் பக்கம் வாட்டம் வேண்டும். இங்கே கதவுப் பக்கம் இறங்கியிருந்தது. படம், அளவு எல்லாம் சேர்த்து பில்டருக்கு எழுத்தில் அனுப்பினேன். சரிசெய்யும்வரை கடைசித் தவணையும் இல்லை, ஒப்படைப்புக் கையெழுத்தும் இல்லை என்றேன். அதுவரை எடுக்காத போனை உடனே எடுத்தார்கள்.

டைல்ஸைப் பெயர்த்தால், அடியில் வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு சுவரோரம் ஏறவே இல்லை. விட்டிருந்தால் கீழ்வீட்டுக் கூரை ஒழுகியிருக்கும். வாட்டத்தைத் திருத்தி, பூச்சைச் சுவரிலும் ஏற்றிப் பூசச் சொன்னேன். காய்ந்ததும் வடிகாலை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் தேக்கினோம். கீழே போய்க் கூரையைத் தடவிப் பார்த்து, ஈரமில்லை என்றான பிறகே டைல்ஸ் ஒட்டவிட்டேன்.

சுவரில் தெரிந்த மயிரிழை விரிசல்களுக்கு நான் சண்டை போடவில்லை. சுவரின் சிமென்ட் பூச்சு காயும்போது அப்படி வருவது சகஜம். அடுத்த பெயின்டிங்கின்போது பட்டி வைத்து அடைத்தால் போதும்.