கலைப் பட்டறை யாருக்கு? பிள்ளைகளுக்கா, பார்க்க வருபவர்களுக்கா?

வசதியற்ற பிள்ளைகளுக்கு ஓவியம், களிமண், நாடகம் என்று பட்டறை நடத்துபவர்கள் நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் பார்க்க வரும் பெரியவர்களை நினைத்தே எல்லாவற்றையும் திட்டமிட ஆரம்பிக்கும்போது சறுக்கிவிடுகிறார்கள்.

மாதிரிப் படம் அப்படித்தான் வருகிறது. பலகையில் ஒரு வண்ணத்துப்பூச்சியை ஒட்டி "இதைப் பார்த்து வரையுங்கள்" என்றால் முப்பது வண்ணத்துப்பூச்சிகள் கிடைக்கும், சுவருக்கு அழகுதான். ஆனால் பார்த்து எழுதும் வேலையைப் பிள்ளைகள் பள்ளியிலேயே போதுமான அளவு செய்கிறார்கள். ஈரத் தாளில் நிறம் எப்படிப் பரவுகிறது என்று ஒரு உத்தியை மட்டும் காட்டுங்கள். அப்புறம் நீங்கள் வரைந்த தாளை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். பிள்ளையின் தாளில் நீங்களே கை வைத்துத் திருத்துவது இன்னும் மோசம். அதற்குப் பிறகு அது அவளுடைய படமாக இருக்காது.

"இவர்களுக்கு இது போதும்" என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, வாங்கிவரும் பொருளே அதைச் சொல்லிவிடும். அழுத்தித் தேய்த்தாலும் நிறம் ஒட்டாத கிரேயான், முடி உதிரும் பிரஷ். பிரிண்டரில் போடும் 75 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) தாளில் வாட்டர் கலர் பூசினால் தாள் நெளியும், இரண்டாம் முறை தேய்த்தால் பிய்ந்து வரும். பிள்ளை தாளையா குறை சொல்லும்? "எனக்கு வரைய வராது" என்று முடிவுகட்டிவிடும். 200 ஜிஎஸ்எம் தாள் வாங்குங்கள். பணம் இடித்தால் நிறங்களைக் குறைக்கலாம். சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை இருந்தால் மற்றதை அவர்களே கலந்துகொள்வார்கள், கொண்டாட்டமே அதில்தான்.

பரிசும் வேண்டாம். 1973-இல் வெளியான ஓர் ஆய்வில், ஏற்கெனவே ஆசையாக வரைந்துகொண்டிருந்த மழலையர் பள்ளிப் பிள்ளைகள் சிலருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு விருப்பம்போல் விளையாடவிட்டபோது, மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதிதான் அவர்கள் வரைந்தார்கள்.

தலைப்பிலும் கவனம் தேவை. காப்பகத்தில் வளரும் பிள்ளையிடம் "உன் குடும்பத்தை வரை" என்றால் அது எங்கே போகும்? இரண்டு மூன்று தலைப்புகள் கொடுங்கள், எதுவும் வேண்டாம் என்று சொல்லவும் இடம் இருக்கட்டும். கறுப்பு நிறையப் பூசியிருந்தால் உடனே மன நோவைத் தேடாதீர்கள், கைக்கு எட்டியது அந்த ஒரு கிரேயானாகவும் இருக்கலாம். ஆனால் யாரோ அடிக்கிறார்கள் என்று பிள்ளை சொன்னால், அதை யாரிடம் கொண்டுபோவது என்பதைப் பட்டறைக்கு முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த தெரேசின் என்ற முகாமில் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பித்த ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ், படங்களில் அவரவர் பெயரை எழுதச் சொன்னார். 1944-இல் அவர் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலை முகாமில் கொல்லப்பட்டார். அவர் இரண்டு பெட்டிகளில் விட்டுச்சென்ற படங்கள் ஏறக்குறைய 4,500. நாமோ பிள்ளைகளின் படத்தைக் கேட்காமலேயே வாழ்த்து அட்டையில் அச்சிட்டு நன்கொடையாளர்களுக்கு அனுப்புகிறோம். படம் வரைந்தவருக்குச் சொந்தம். வீட்டுக்குக் கொண்டுபோவதா, மாட்டுவதா, பெயர் போடுவதா என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும். முகம் தெரியும் போட்டோவுக்குப் பிள்ளையின் சம்மதத்தோடு பொறுப்பாளரின் சம்மதமும் வேண்டும்.

இன்னொன்று, "மறுபடி வருவேன்" என்று வாய்க்கு வந்தபடி சொல்லாதீர்கள். ஒரே நாள்தான் என்றால் காலையிலேயே அதைச் சொல்லிவிடுங்கள், மிஞ்சிய நிறங்களையும் பிரஷ்களையும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.