'மஸ்ட்'டுக்குப் பின்னால் ஒரு 'பீ'

மேலாளர் எங்கே என்று கேட்டு வந்த மின்னஞ்சலுக்கு 'ஹீ மஸ்ட் டிரைவ் நவ்' என்று பதில் போட்டேன். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார் என்ற ஊகம்தான் என் மனதில். படித்தவருக்கோ, அவர் இப்போதே வண்டி ஓட்டியாக வேண்டும் என்று நான் கட்டளை போட்டது போல இருந்ததாம்!

முதலில் 'மஸ்ட் டிரைவிங்' என்று திருத்தினேன். அதுவும் தப்பு. மஸ்ட், மே, மைட், குட் எதுவானாலும் அடுத்து உருமாறாத 'பீ', அப்புறம்தான் 'இங்' சேர்ந்த வினை: 'ஹீ மஸ்ட் பீ டிரைவிங்'.

கடைசியில் கைகொடுத்தது தமிழ்தான். மனதில் 'ஓட்டிக்கொண்டிருப்பார்' என்று வந்தால் 'மஸ்ட் பீ'. 'ஓட்டிக்கொண்டிருக்கலாம்' என்றால் 'மைட் பீ'. 'ஓட்டிக்கொண்டிருக்க வாய்ப்பே இல்லை' என்றால் 'கான்ட் பீ'. இந்தக் கடைசி இடத்தில் 'மஸ்ன்ட் பீ' என்று எழுதிப் பலநாள் சறுக்கியிருக்கிறேன். அது பெரும்பாலும் தடை விதிப்பதாகவே காதில் விழும். நேற்றைய ஊகம் என்றால் 'மஸ்ட் ஹேவ் பீன் டிரைவிங்'.

சரி, பிடிபட்டுவிட்டது என்ற உற்சாகத்தில் 'அவருக்குத் தெரிந்திருக்கும்' என்பதையும் 'மஸ்ட் பீ நோயிங்' ஆக்கிவிட்டேன். 'நோ' (தெரிதல்), 'பிலாங்' (உரியதாதல்) போல, செயலைச் சொல்லாமல் நிலையைச் சொல்லும் வினைகளுக்குப் பொதுவாக இப்படி 'இங்' ஒட்டாது. 'மஸ்ட் நோ' போதும்.