வீட்டு வேலையை உடற்பயிற்சிக் கணக்கில் எழுதுவது எப்படி?

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்க வருபவர்களிடம், தண்டையார்பேட்டையானாலும் வியாசர்பாடியானாலும், மருத்துவர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நடக்கிறீங்களாம்மா? எக்சர்சைஸ் ஏதாவது செய்யறீங்களா?" பெண்கள் பலர் சொல்லும் பதிலும் ஏறக்குறைய ஒன்றேதான்: "வீட்டு வேலை மொத்தமும் நான்தானே சார் செய்யறேன்." சில மருத்துவர்கள் அதைக் கேட்டுத் தலையாட்டிவிடுவார்கள், சிலர் "அதெல்லாம் கணக்கில் வராது" என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். இரண்டுமே அவசர முடிவுகள். வீட்டு வேலையில் ஒரு பகுதி கணக்கில் வரும். அதைவிடப் பெரிய பகுதி வராது. எது வரும், எது வராது என்பதை அவரவர் வீட்டில் அவரவரே அளந்துகொள்ள முடியும்.

முதலில் அளவுகோலைத் தெரிந்துகொள்வோம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வயது வந்த ஒருவருக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்போ, 75 முதல் 150 நிமிடம் கடுமையான உடலுழைப்போ, இரண்டும் கலந்த அதற்கு ஈடான அளவோ தேவை. அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும். 65 வயதைக் கடந்தவர்களுக்கு உடல் தள்ளாடாமல் நிற்க உதவும் பயிற்சி வாரம் மூன்று நாள் வேண்டும். இந்த உழைப்பு பூங்காவில்தான் நடக்க வேண்டும், ஷூ போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்று அந்த வழிகாட்டல் எங்கும் சொல்லவில்லை; வீட்டு வேலையையும் அது உடலுழைப்பாகவே ஏற்கிறது. தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று 2010-ஆம் ஆண்டு வழிகாட்டலில் இருந்த நிபந்தனையும் 2020-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஐந்து நிமிடம் பெருக்கிவிட்டு அடுப்பைப் பார்க்க ஓடும் பெண்ணுக்கு இது நல்ல செய்தி.

ஆனால் "மிதமான" என்ற சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலை ஒன்று என்று வைத்து, ஒவ்வொரு வேலைக்கும் அதுபோல் எத்தனை மடங்கு செலவாகிறது என்று ஆய்வாளர்கள் அட்டவணை போட்டிருக்கிறார்கள். இந்த அலகுக்கு 'மெட்' என்று பெயர். மூன்று மெட்டுக்குக் கீழே இருந்தால் இலகுவான வேலை, மூன்றிலிருந்து ஆறு வரை மிதமானது, ஆறும் அதற்கு மேலும் கடுமையானது. பாத்திரம் துலக்குவது, காய் நறுக்குவது, துணி மடிப்பது, இஸ்திரி போடுவது எல்லாம் ஏறக்குறைய இரண்டு மெட்தான். வீடு பெருக்குவது மூன்றைச் சற்றுத் தாண்டும். அழுத்தித் தரை துடைப்பது மூன்றரை, அதாவது சாதாரண வேகத்தில் நடப்பதற்குச் சமம். கையால் துணி துவைத்துக் காயப்போடுவது நான்கைத் தொடும். மண்டியிட்டுத் தரையை வேகமாகத் தேய்ப்பதும், மளிகைப் பையோடு மாடிப்படி ஏறுவதும் ஆறைத் தாண்டிவிடும்.

அட்டவணையை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நம் மூச்சே அளவுகோல். வேலை செய்துகொண்டே பக்கத்து வீட்டு அக்காவிடம் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான உழைப்பு. நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்கினால் கடுமையான உழைப்பு. பாடிக்கொண்டே செய்ய முடிகிறதென்றால் அது இலகுவான வேலை. அதைச் செய்து முடித்தபின் இடுப்பு ஒடிந்துபோனாலும் அது இலகுவான வேலைதான். அலுப்பும் உழைப்பும் ஒன்றல்ல. மூன்று மணி நேரம் அடுப்படியில் நின்றால் கால் கடுக்கும், முதுகு விண்ணென்று தெறிக்கும். அவ்வளவு நேரமும் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பெரிதாக வேலை இருந்திருக்காது. வியர்வையையும் நம்ப வேண்டாம். சென்னையின் புழுக்கத்தில், அதுவும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாலே ரவிக்கை நனைந்துவிடுகிறது.

இனிக் கணக்கு. தினசரி காலண்டரில் கிழித்த தாளைத் தூக்கி எறியாமல் அதன் பின்பக்கத்தில் எழுதுங்கள். ஒரு சாதாரண நாள், துணி துவைக்கும் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று மூன்று விதமான நாள்களில், மூச்சு மாறிய வேலையை மட்டும் கடிகாரம் பார்த்துக் குறிக்க வேண்டும். தண்ணீருக்காக வரிசையில் நின்ற நேரம், நடுவில் போன் பேசிய நேரம், வாளி நிரம்பக் காத்திருந்த நேரம் ஆகியவற்றைக் கழித்துவிடுங்கள். கடுமையான உழைப்பில் போன ஒவ்வொரு நிமிடத்தையும் இரண்டு நிமிடமாக எழுதிக்கொள்ளலாம். பிறகு வாரத்துக்குப் பெருக்கிப் பாருங்கள்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் பலருக்கு ஏமாற்றமாகவே இருக்கும். வடசென்னையின் பழைய ஹவுசிங் போர்டு வீடுகளும் ஒண்டுக்குடித்தன வீடுகளும் அளவில் மிகச் சிறியவை. ஒரு அறை, ஒரு சமையலறை, ஒரு நடை; பெருக்க நான்கைந்து நிமிடம், துடைக்க இன்னொரு ஏழெட்டு நிமிடம். ஒட்டுமொத்த வேலை நேரம் குறைவில்லை. மத்திய அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஊதியமில்லாத அந்த வேலைக்கு ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஏறக்குறைய ஐந்து மணி நேரம். ஆனால் சின்ன வீட்டில் அந்த ஐந்து மணி நேரத்தின் பெரும்பங்கை அடுப்பும் பாத்திரமும்தான் விழுங்குகின்றன. மூச்சு வாங்க வைக்கும் வேலை அதில் கால் மணி நேரமோ அரை மணி நேரமோதான். வடக்கு அயர்லாந்தில் நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, தங்கள் உடலுழைப்பில் வீட்டு வேலையைக் கூடுதலாகச் சேர்த்துச் சொன்னவர்கள் எடையும் கூடுதலாக இருந்ததைக் கண்டது. வேலையின் கடுமையைக் கூட்டி மதிப்பிட்டதும், "இவ்வளவு செய்தோமே" என்று கூடுதலாகச் சாப்பிட்டதும் காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். 55 கிலோ எடையுள்ள ஒருவர் பத்து நிமிடம் தரை துடைத்தால் செலவாவது முப்பது கலோரியைச் சற்றே தாண்டும். அது ஒரு மெதுவடைக்குக்கூட ஈடாகாது.

இதைப் படித்துவிட்டு வீட்டு வேலையால் பயனே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இந்தியா உட்பட 17 நாடுகளில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்து 2017-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், வாரம் 150 நிமிட உடலுழைப்பை எட்டியவர்களிடையே இறப்பு 28 சதவீதம் குறைவாக இருந்தது. அந்த உழைப்பு விளையாட்டாலும் உடற்பயிற்சியாலும் வந்ததா, வேலையாலும் வீட்டுப்பாட்டாலும் வந்ததா என்று பார்த்தபோது இரண்டிலுமே நன்மை தெரிந்தது. ஆகவே வழி, இருக்கும் நிமிடங்களைக் கடுமையாக்குவதும் குறையும் நிமிடங்களை வேறு வகையில் நிரப்புவதும்தான். முட்டியில் வலி இல்லாதவர்கள் வாரத்தில் இரண்டு மூன்று நாள் மாப் கட்டையை ஓரமாக வைத்துவிட்டு, குந்தி உட்கார்ந்து துணியால் துடைக்கலாம். தொடைக்கும் இடுப்புக்கும் அது தரும் வேலையை நின்றபடி துடைப்பது தராது. முட்டி வலி உள்ளவர்கள் அதற்கு ஆசைப்படாமல், கட்டையைப் பிடித்தபடியே காலை அகட்டி வைத்து வேகத்தைக் கூட்டினால் போதும்.

நம் பகுதிக்கே உரிய பெரிய உழைப்பு ஒன்று இருக்கிறது: தண்ணீர் சுமப்பது. லாரி வந்தாலும், தெருவோர சின்டெக்ஸ் தொட்டியானாலும், அடிபம்பானாலும், பதினைந்து லிட்டர் குடம் என்றால் பதினைந்து கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறுவது சந்தேகமின்றிக் கடுமையான உழைப்பு. அடிபம்பு அடிப்பதில் தோளுக்கும் கைக்கும் கிடைக்கும் வேலையும் உண்மையானது. ஆனால் ஒரு பெண் குடத்தை இடுப்பில் ஏற்றும் விதத்தைக் கவனித்துப் பாருங்கள்: இடுப்பை ஒரு பக்கம் தள்ளி, குடத்தின் கழுத்தைக் கையால் வளைத்துப் பிடித்து, பாரத்தைச் சரிக்கட்ட மேலுடலை எதிர்ப்பக்கம் சாய்த்துத்தான் படியேறுகிறார். அநேகமாக எப்போதும் ஒரே பக்கம்தான். பல ஆண்டுகள் இப்படிச் சுமந்தால் வலுவோடு வலியும் சேர்ந்தே வரும்.

ஆகவே தண்ணீர் சுமப்பதைப் பயிற்சியாக ஆக்க நினைப்பவர்கள் சுமக்கும் முறையை மாற்ற வேண்டும். முழுக் குடம் ஒன்றுக்குப் பதில் பாதி நிரம்பிய வாளி இரண்டு, கைக்கு ஒன்றாக. நடை ஒன்றிரண்டு கூடும், முதுகு தப்பும். குடம்தான் வசதி என்றால் ஒரு நடை இடப்பக்கம், மறு நடை வலப்பக்கம். தரையிலிருந்து எடுக்கும்போது இடுப்பை வளைக்காமல் முட்டியை மடக்கிக் கீழே இறங்கி, பாரத்தை உடலோடு ஒட்டிப் பிடித்து, மூச்சை வெளியே விட்டபடி எழ வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கினால் ரத்த அழுத்தம் அந்தக் கணமே எகிறும். இருபது லிட்டர் கேனை டிஸ்பென்சரில் கவிழ்ப்பதற்கும், ஏறக்குறைய முப்பது கிலோ வரும் நிறைந்த சிலிண்டரை நகர்த்துவதற்கும் இதே முறைதான். சிலிண்டரைத் தனியாளாகத் தூக்காமல் இருப்பது இன்னும் நல்லது. படியில் தண்ணீர் சிந்தியிருந்தால் தேய்ந்துபோன ரப்பர் செருப்போடு ஏறாதீர்கள். பிரசவமாகிச் சில வாரங்களே ஆனவர்களும், கர்ப்பப்பை இறக்கம் உள்ளவர்களும் குடம் பக்கமே போக வேண்டாம். மார்பில் அழுத்தமோ, கையிலும் தாடையிலும் பரவும் வலியோ, குளிர்ந்த வியர்வையோ வந்தால் குடத்தை அங்கேயே இறக்கிவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும். "வாயு பிடித்திருக்கும்" என்று சோடா குடித்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

வீட்டு வேலை போதிய அளவு தராத இரண்டு வகைப் பயிற்சிகளை, அதாவது தசைக்கு வலுவூட்டுவதையும் உடல் தள்ளாடாமல் நிற்க உதவுவதையும், வேலைக்கு நடுவில் கிடைக்கும் காத்திருப்பு நேரத்தில் நுழைத்துவிடலாம். குக்கர் விசில் வரும்வரை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, ஒற்றைக் காலில் நிற்பது, சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுப்பது, நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுவது ஆகியவை போதும். வயதானவர்களுக்கு இவற்றுள் ஒற்றைக் காலில் நிற்பதே முதன்மையானது, மேடையை விடாமல் பிடித்துக்கொண்டு.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இலகுவான வேலையும் வேறொரு வகையில் பயன்படும். சாப்பிட்ட உடனே உட்காராமல் சிறிது நேரம் நடமாடினால் உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை சற்று மட்டுப்படும். இரவுப் பாத்திரத்தை மறுநாளுக்குப் போடாமல், சீரியலுக்கு முன்பே துலக்கி அடுப்பு மேடையைத் துடைத்துவிடுவது இதற்குப் பொருத்தம். இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரைகளோ எடுப்பவர்கள் மட்டும் வெறும் வயிற்றில் துணி மூட்டையோடு மல்லுக்கட்டக் கூடாது. படபடப்பும் கைநடுக்கமும் வந்தால் உடனே சர்க்கரை கலந்த எதையாவது குடிக்க வேண்டும்.

இந்தக் கட்டுரையின் அறிவுரை பொருந்தாத பெண்களும் நம் தெருக்களில் நிறையவே இருக்கிறார்கள். புரசைவாக்கத்திலும் கீழ்ப்பாக்கத்திலும் மூன்று நான்கு வீடுகளில் வேலை முடித்துவிட்டு வந்து, தன் வீட்டு வேலையையும் தொடங்குபவருக்கோ, காசிமேட்டில் விடியுமுன் மீன்கூடை தூக்குபவருக்கோ இன்னும் உடற்பயிற்சி தேவை என்று சொல்வது அபத்தம். ஓய்வில்லாமல் மணிக்கணக்கில் பாரம் தூக்குவதும் குனிந்தே நிற்பதும், உடற்பயிற்சி தரும் நன்மையை அதே அளவில் தருவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன; உடல் தேறுவதற்கான இடைவெளி அதில் கிடைப்பதில்லை. அவர்களுக்கு வேண்டியது காலை நீட்டி உட்கார அரை மணி நேரம், முதுகையும் தொடையையும் நீட்டிவிடும் சில அசைவுகள், போதிய தூக்கம்.

வேறொரு பேச்சும் காதில் விழுகிறது: "அவளுக்கு எதுக்கு வாக்கிங்? வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே." இதைச் சொல்பவர் பெரும்பாலும் வீட்டு வேலை செய்யாதவர். அதே 2024 கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்த ஆண்களுக்குக் கிடைத்த சராசரி 88 நிமிடம்தான். அது அவ்வளவு நல்ல உடற்பயிற்சி என்றால், நாளெல்லாம் ஆட்டோவிலும் கல்லாவிலும் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் அது அதிகம் தேவை. தரை துடைப்பது, தண்ணீர் ஏற்றுவது, போர்வை துவைப்பது ஆகிய மூன்றையும் அவரிடம் ஒப்படைத்தால், அவருக்கு நிமிடம் கூடும். மனைவிக்கு ராயபுரம் ராபின்சன் பூங்காவில் அரை மணி நேரம் நடக்க நேரம் கிடைக்கும்.

கணக்கில் 150-க்குக் குறையும் நிமிடங்களை நிரப்ப நடையே எளிது. சந்தைக்கு ஷேர் ஆட்டோ ஏறாமல் போகும்போது நடந்து, பையோடு திரும்பும்போது ஆட்டோவில் வரலாம். சித்திரை, வைகாசி வெயிலில் காலை எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

வாஷிங் மெஷின் வாங்கினாலோ, லிஃப்ட் உள்ள வீட்டுக்குக் குடிபோனாலோ, மருமகள் வந்து வேலையைப் பங்கிட்டுக்கொண்டாலோ பழைய காலண்டர் தாளை நம்பாமல் மூன்று நாள் கணக்கை மறுபடி எழுதுங்கள். துணி துவைத்ததில் வாரம் அறுபது நிமிடம் வந்துகொண்டிருந்தது என்றால், மெஷின் வந்த வாரமே அந்த அறுபது நிமிடத்தை நடைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.