‘வார் ரெக்வியம்’ பாடப்போகும் குழுவுக்கு: இடமும் சுருதியும்

1940 நவம்பர் குண்டுவீச்சில் இடிந்த இங்கிலாந்தின் கோவென்ட்ரி பேராலயத்தின் பக்கத்திலேயே எழுந்த புதிய ஆலயத்துக்காக இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் எழுதிய இரங்கல் இசைப்படைப்பு ‘வார் ரெக்வியம்’ (போர் இரங்கல்). முதல் அரங்கேற்றம் 1962 மே 30. லத்தீன் இரங்கல் திருப்பலிக்கு நடுவே, முதல் உலகப்போர் ஓய ஒரு வாரம் இருக்கையில் களத்தில் இறந்த ஆங்கிலக் கவிஞர் வில்ஃபிரட் ஓவனின் ஒன்பது கவிதைகள் குறுக்கிடுகின்றன. திருப்பலி நித்திய இளைப்பாற்றி வேண்டுகிறது. கவிதை அந்த வேண்டுதலையே கேள்வி கேட்கிறது. இரண்டும் குழைந்துவிட்டால் படைப்பு செத்துவிடும். ஆகவே முதலில் இடத்தைப் பிரியுங்கள்.

சோப்ரானோ (உச்சப் பெண்குரல்), பெரிய பாடகர் குழு, முழு ஆர்கெஸ்ட்ரா மேடை நடுவில். கவிதைகளைப் பாடும் டெனரும் (உயர்ந்த ஆண்குரல்) பாரிடோனும் (நடுத்தர ஆண்குரல்) 12 பேர் கொண்ட சிறு வாத்தியக் குழுவோடு முன்னால் ஒரு பக்கம். அதற்குத் தனி நடத்துநர் இருப்பது நல்லது. சிறுவர் குழு, சிறிய ஆர்கனோடு, கண்ணுக்குப் படாத தொலைவில். 30 மீட்டர் தள்ளி நின்றால் குரல் வந்துசேர ஏறக்குறைய 0.09 வினாடி ஆகும். ஆர்கெஸ்ட்ராவைக் காதால் கேட்டுப் பாடினால் அவையோருக்கு அந்தத் தாமதம் இரட்டிப்பு. நடத்துநரின் கையைத் திரையில் காட்டி, ஓர் உதவி நடத்துநர் சிறுவர்களை ஒரு இழை முந்தியே தொடங்கவைக்க வேண்டும்.

அதிக ஒத்திகை கேட்பது தொடக்கம்தான். குழு முணுமுணுப்பது சி, எஃப் ஷார்ப் என்ற இரண்டே சுரங்களில், மணிகளும் அவையே. சி-யை ஷட்ஜமாகக் கொண்டால் மற்றது பிரதி மத்யமம். பஞ்சமம் இல்லாததால் காது அதைத் தேடும், குரல் மேலே நழுவும். களைத்தால் கீழே தொய்யும். மணியின் சுருதி நகராது, பிசகு உடனே அம்பலமாகும். சி-யிலிருந்து சாதாரண காந்தாரம், அங்கிருந்து பிரதி மத்யமம் என்று இரண்டு சம படிகளாக ஏறிப் பழகுங்கள். பிறகு நடுப்படியை மனதுக்குள் மட்டும் பாடுங்கள்.

‘ஆக்னுஸ் தேயி’ (‘இறைவனின் ஆட்டுக்குட்டியே’) பகுதி 5/16, அதாவது சுற்றுக்கு ஐந்து எண்ணிக்கைத் தாளம். ‘தகதகிட’ என்று சொல்லிக்கொண்டே பாடினால் ஒரே நாளில் பிடிபடும். ஐந்தாவது எண்ணிக்கையில் மூச்சுக்காக நிற்காதீர்கள். அடுத்த சுற்று அங்கேயே சரியும். முடிவில் டெனர் தனியாக லத்தீனில் ‘தோனா நோபிஸ் பாச்செம்’ (‘எங்களுக்குச் சமாதானம் அருளும்’) என்று ஏறுவார். கவிதைக்குரிய குரல் திருப்பலியின் மொழியைத் தொடும் இடம், அவரை அவசரப்படுத்த வேண்டாம்.

கடைசிப் பகுதியில் ‘இனி உறங்குவோம்’ என்ற ஓவன் வரியின்மேல்தான் மூன்று குழுக்களும் சேர்கின்றன. இங்கே பெரிய குழு ஓங்கினால், டெனரும் பாரிடோனும் பாடும் இரு வீரர்களும் காணாமல் போவார்கள். பின்பு மணி, வாத்தியத் துணையற்ற குரல்கள், முடிவில் எஃப் மேஜர் என்ற இணக்கமான சுரச்சேர்க்கை. எஃப் ஷார்ப் அரைச்சுரம் இறங்குவதுதான் அந்த விடுதலை; முன்பே தொய்ந்திருந்தால் இறங்க இடமிருக்காது.