தீவன ஓட்ஸை அறுக்கும் பருவம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓட்ஸ் வட மாநிலங்களின் குளிர்காலத்திலும் நீலகிரி போன்ற குளிர்ந்த மலைப்பகுதிகளிலும் செழிப்பது. சென்னையைச் சுற்றி மாடு வளர்ப்போர் பெரும்பாலும் தீவனச் சோளத்தையும் கம்பு நேப்பியர் என்ற ஒட்டுத் தீவனப் புல்லையுமே அறுக்கின்றனர். ஆயினும், அறுக்கும் பருவம் தவறினால் தீவனத்தின் சத்து எவ்வாறு குறைகிறது என்பதை ஓட்ஸ் தெளிவாகக் காட்டுகிறது.

பெருந்தவறு, எடை ஏறட்டும் என்று காத்திருப்பதே. கதிர் இலையுறைக்குள் பொதிந்திருக்கும் பொதிப் பருவத்தில், நீரை நீக்கிய உலர்பொருளில் ஏறக்குறைய 15 சதவீதம் புரதம் இருக்கும். கதிர் வெளிவந்து, பால் பிடித்து, மணி மாவுப் பதத்தை அடையும்போது அது 8 முதல் 10 சதவீதத்துக்கு இறங்கிவிடும். பயிர் முதிரும்போது இலையின் பங்கு குறைந்து தண்டின் பங்கு கூடுகிறது. தண்டின் செல்சுவர்களில் லிக்னின் என்ற கடினமான பொருள் படிவதால், வயிற்று நுண்ணுயிர்கள் சிதைக்க இயலாத நார் பெருகுகிறது. அத்தகைய தீவனம் வயிற்றில் நெடுநேரம் தங்குவதால் மாடு உண்ணும் அளவே குறைந்துவிடும். கட்டுக்கணக்கில் விலை பேசுவோர் இந்த இழப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மணியில் மாவுச்சத்து சேர்வதால் எரிசக்தி இழப்பு ஓரளவு ஈடாகும் என்பது உண்மைதான். புரத இழப்பு ஈடாகாது. ஆகவே கறவை மாட்டுக்குப் பசுந்தீவனமாகக் கொடுப்பவர் பொதிப் பருவத்தை ஒட்டி அறுப்பதும், விளைச்சலையும் எரிசக்தியையும் முதன்மையாகக் கருதிச் சைலேஜ் (காற்றுப் புகாமல் குழியில் மூடிப் புளிக்கவைத்த தீவனம்) போடுபவர், மணி மென்மாவுப் பதம் அடையும் வரை பொறுப்பதும் பொருந்தும். பொதிப் பருவத்துப் பயிரில் ஈரம் 80 சதவீதத்தை ஒட்டி இருப்பதால், அதை வாடவிடாமல் குழியில் இட்டால் சத்துநீர் வடிந்து, நாற்றமடிக்கும் சைலேஜே மிஞ்சும்.

விதைத்த நாளை மட்டும் எண்ணி அறுப்பதும் தவறு. வெப்பம் மிகுந்தால் பயிர் விரைவில் கதிர்விடும், குளிரில் தாமதமாகும். நாட்காட்டியைவிடக் கதிரைப் பார்ப்பதே நம்பகமானது.

பயிரைப் பொறுத்து இளம் பருவமும் ஆபத்தாகலாம். தீவனச் சோளத்தின் இளங்குருத்திலும் வறட்சிக்குப் பின் துளிர்க்கும் மறுதாம்பிலும் ஹைட்ரஜன் சயனைடை வெளிவிடும் டுர்ரின் மிகுதி. அதனால்தான் பாதிப் பயிர் பூக்கும்வரை காத்திருக்கச் சொல்கின்றனர். ஓட்ஸில் இந்த நஞ்சு இல்லை. ஆனால் யூரியாவை மிகுதியாக இட்டு வறட்சியும் தாக்கினால் மாட்டுக்கு நஞ்சாகும் நைட்ரேட் தண்டின் அடிப்பகுதியில் சேரும். சயனைடு உலர்த்தும்போது பெருமளவு குறையும், நைட்ரேட் குறையாது. சைலேஜாக்கினால் அதில் ஒரு பகுதியே அழியும். ஐயமுள்ள பயிரைச் சற்று உயரத்தில் அறுத்து அடித்தண்டை வயலிலேயே விட்டுவிடலாம்.

கம்பு நேப்பியரை நட்ட 75 முதல் 80 நாட்களிலும், பின்னர் 45 நாட்களுக்கு ஒருமுறையும் அறுப்பது பரிந்துரை. வடகிழக்குப் பருவமழையில் வயலில் இறங்க இயலாமல் அறுப்பைத் தள்ளிப்போட்டால் தண்டு மூங்கில் போல் இறுகிவிடும். அப்போது நறுக்கிப் போட்டாலும் மாடு இலையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுத் தண்டைத் தொட்டியில் ஒதுக்கிவைக்கும்.