குவாத்தமாலாவுக்கு மருந்துப் பெட்டியோடு போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை விடுமுறை வந்தால் அமெரிக்கா, கனடாவிலிருந்து கல்லூரி மாணவர்கள் குழுக் குழுவாக மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் மலைக் கிராமங்களுக்குக் கிளம்புவார்கள். ஒரே நிற டி-சர்ட், கழுத்தில் ஸ்டெதஸ்கோப், பெட்டி நிறைய மாத்திரை. பள்ளி வகுப்பறையில் மேசை போட்டு நான்கைந்து நாள் முகாம். ஊர்க்காரர்கள் இதை 'பிரிகாடா' என்பார்கள். மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் எழுத ஒரு வரி கிடைக்கும் என்பதும் இதற்கு ஒரு காரணம்தான். அதை நான் பெரிய குற்றமாக நினைக்கவில்லை. போகிறவர்களில் பெரும்பாலோருக்கு நல்ல மனசுதான். ஆனால் முகாம் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். நோயும் நோயாளியும் அந்த ஊரில்தான் இருப்பார்கள். இதை மறக்கிற இடத்தில்தான் தவறுகள் தொடங்குகின்றன.

முதலில் மாத்திரை விஷயம். மேடேறி நடந்து வந்த ஓர் அம்மாவுக்கு பிரஷர் பார்க்கிறீர்கள், மேல் அளவு 160 காட்டுகிறது. உடனே முப்பது நாள் மாத்திரை கட்டிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். மூச்சு வாங்க வந்தவரை ஐந்து நிமிடமாவது உட்காரவைத்த பிறகுதான் அளக்க வேண்டும். அப்புறமும் ஒரு நாள் அளவை வைத்து நோய் என்று முத்திரை குத்தக் கூடாது, வேறொரு நாளும் பார்க்க வேண்டும். நோய் உறுதியானால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க மருந்து. அப்படியானால் முப்பத்தோராம் நாள் அவர் யாரிடம் போவார்? பக்கத்து அரசு சுகாதார நிலையத்தில் என்னென்ன மருந்து இருக்கிறது என்று கிளம்புவதற்கு முன்பே விசாரித்து, அங்கே கிடைப்பதையே கொடுத்து, அங்கிருக்கும் செவிலியருக்குச் சீட்டும் எழுதிவிட்டால் அந்த அம்மாவுக்குப் போக ஓர் இடம் இருக்கும்.

பூச்சி மாத்திரை இன்னொரு கூத்து. அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒன்றை ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு முறை கொடுத்தால் போதும். சுகாதார நிலையம் கொடுத்திருக்கும், மார்ச்சில் வந்த குழு கொடுத்திருக்கும், ஜூனில் நீங்களும் கொடுப்பீர்கள். குழந்தையின் சுகாதார அட்டையில் யாரும் குறித்திருக்க மாட்டார்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள், இது குழந்தையின் வயிறு. அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், கொடுத்தால் அதில் தேதி போடுங்கள்.

வீட்டு அலமாரியில் மிஞ்சியதையும் மருந்துக்கடைக்காரர் இலவசமாகத் தந்ததையும் அள்ளிக்கொண்டு போவதும் வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சேயில் சுமார் 4,000 டன் மருந்து நன்கொடையாக வந்து குவிந்தது. பெரும்பகுதி அந்நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இல்லை. ஏராளமான பெட்டிகளில் உள்ளூர்க்காரர்களுக்குப் படிக்கத் தெரியாத மொழியில் எழுதியிருந்தது. கடைசியில் சுமார் 600 டன்னைப் பணம் செலவழித்து அழிக்க வேண்டியதாயிற்று. போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஓர் ஆண்டாவது மிச்சமிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நெறிமுறை.

அடுத்தது கை துறுதுறுப்பு. சொந்த ஊரில் ஊசி போட விடாத இரண்டாம் ஆண்டு மாணவருக்கு, அங்கே போனதும் தையல் போட, பல் பிடுங்க ஆசை வந்துவிடும். "கற்றுக்கொள்ள நல்ல வாய்ப்பு" என்று தூண்டிவிடவும் ஆள் இருப்பார்கள். யார் வாயில் கற்றுக்கொள்வது? படிப்புக்கும் பயிற்சிக்கும் மீறிய சிகிச்சையை வெளிநாட்டிலும் செய்யக் கூடாது என்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் 2011-லேயே மாணவர்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. குவாத்தமாலாவில் இதற்குக் கூடுதல் கனம் உண்டு. 1946 முதல் 1948 வரை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை மருத்துவர்கள் அங்கே கைதிகள், ராணுவ வீரர்கள், மனநல மருத்துவமனை நோயாளிகள், பாலியல் தொழிலாளர்கள் ஆகியோரிடம் சம்மதம் கேட்காமலே பால்வினை நோய்க் கிருமிகளைச் செலுத்திச் சோதனை நடத்தினார்கள். ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அதில் சிக்கினார்கள். 2010-ல் இது வெளியே வந்ததும் அதிபர் ஒபாமா மன்னிப்புக் கேட்டார். அந்த நாட்டில் நீங்கள் வெள்ளை கோட்டு மாட்டும்போது "நான் மாணவன், டாக்டர் இல்லை" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

சுகாதாரக் கல்விக்கு வருவோம். இதில் ஆபத்தில்லை என்று நினைத்து மாணவர்கள் துணிந்து இறங்குவார்கள். குவாத்தமாலாவில் 22 மாயன் மொழிகள் இருக்கின்றன. மலைக் கிராமத்துப் பாட்டிகள் பலருக்கு ஸ்பானிஷ் சரளமாக வராது. நீங்கள் ஆங்கிலத்தில் சொல்ல, ஒருவர் ஸ்பானிஷில் மாற்ற, இன்னொருவர் அந்த மாயன் மொழிகளில் ஒன்றான கக்சிகேலில் மாற்ற, போய்ச் சேருவது பாதி. பாட்டி தலையாட்டுவார், அது மரியாதைக்கு. "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "வீட்டில் மருமகளுக்கு இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள், அப்போது தெரிந்துவிடும். வயிற்றுப்போக்குக் கரைசல் என்றால் படம் காட்டாமல் அவர் கையாலேயே கலக்கச் சொல்லுங்கள்: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. அதனால் உங்கள் பையிலிருந்து கரண்டி எடுக்காதீர்கள், அந்த வீட்டுக் கரண்டியால் அளந்து பாருங்கள்.

குழாயில் தண்ணீர் வராத ஊரில் இருபது வினாடி கை கழுவும் பாட்டு சொல்லிக் கொடுப்பது வேடிக்கைதான். விறகடுப்புப் புகையும் அப்படித்தான். புகை கெடுதல் என்று அந்தப் பெண்களுக்குத் தெரியாதா என்ன? சான் மார்கோஸ் மாவட்டத்து மலைகளில் புகைபோக்கி வைத்த அடுப்பு கட்டிக் கொடுத்து ஆய்வு செய்தபோது குழந்தைகள் சுவாசித்த புகை ஏறக்குறைய பாதியானது. தீவிர நிமோனியாவும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அந்த வேலையைச் செய்தது அடுப்பு.

புரத மாவு டப்பாக்களையும் உங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாம். மக்காச்சோளத்தை அடிப்படையாகக் கொண்ட 'இன்கபரினா' சத்துமாவை 1950களில் உருவாக்கியதே குவாத்தமாலா நகரத்து ஊட்டச்சத்து ஆய்வு நிறுவனம்தான். அங்கே கடைகளில் கிடைக்கும், கஞ்சி காய்ச்சத் தாய்மாருக்குத் தெரியும்.

புகைப்படம் பற்றி நிறையச் சொல்ல வேண்டாம். உங்கள் ஊர் மருத்துவமனையில் அடுத்தவர் குழந்தையை மடியில் வைத்து செல்ஃபி எடுப்பீர்களா?

ஊரின் மருத்துவச்சியை, 'கொமத்ரோனா' என்பார்கள், ஓரமாக உட்காரவைத்துவிடாதீர்கள். எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாள், யாருக்கு முந்தைய பிரசவத்தில் ரத்தப்போக்கு என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். முதல் நாள் காலை அவரிடமும் சுகாதார நிலையச் செவிலியரிடமும் என்ன தேவை என்று கேளுங்கள். கடைசி நாள் மாலை, விருந்துக்கு முன்னால், நோயாளிப் பதிவேட்டின் ஒரு பிரதியை ஸ்பானிஷில் எழுதிச் செவிலியர் கையில் கொடுங்கள். திங்கட்கிழமை காலை அந்த பிரஷர் அம்மா வந்து நிற்கப்போவது அவர் முன்னால்தான்.