முழுப் பரீட்சைக்கு முந்தின வாரங்கள்: தொடக்க வகுப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பங்குனி பிறந்துவிட்டால் திருநெல்வேலிப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளில் எல்லாமே அவசரம்தான். மூன்றாம் பருவப் பாடம் பாக்கி இருக்கும், பதிவேடுகள் பாக்கி இருக்கும். ஆண்டு விழா, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாற்றுச் சான்றிதழ், நடுவில் பங்குனி உத்திரம், குருத்தோலை ஞாயிறு, சில வருடங்களில் நோன்புப் பெருநாளும் சேர்ந்துகொள்ளும். ஈராசிரியர் பள்ளியாக இருந்தால் ஒருவர் அலுவலக வேலையைப் பார்க்க, இன்னொருவர் ஐந்து வகுப்பையும் மேய்க்க வேண்டும். இந்த நெருக்கடியில் ஆண்டு இறுதிச் செயல்பாடு என்றால் எதையாவது செய்து, படம் எடுத்து, வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவது என்று ஆகிவிடுகிறது.

அப்படி ஆகவிடக் கூடாது. ஜூனில் எங்கே இருந்தோம், இப்போது எங்கே வந்து நிற்கிறோம் என்று ஒரு பிள்ளை தன் கண்ணாலேயே பார்க்க வாய்ப்புள்ள வாரங்கள் இவை. ஆசிரியருக்கும் அப்படித்தான். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வந்ததிலிருந்து நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. அது நல்லதுதான், ஏழு வயதில் தோற்றவன் என்று ஒரு பிள்ளையைச் சொல்லக் கூடாது. ஆனால் வாசிக்கத் தெரியாத பிள்ளையும் ஜூனில் நாலாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும். அது எதில் தடுமாறுகிறது என்று அடுத்த ஆசிரியருக்குச் சொல்ல ஏப்ரலில் நம்மை விட்டால் ஆளில்லை. கடைசி வாரங்களில் எதைச் செய்தாலும் இந்த இரண்டு காரியத்துக்கு உதவுகிறதா என்று பார்த்துவிட்டுச் செய்தால் பாதித் தவறுகள் தாமாகவே விலகிவிடும்.

முதல் தவறு வினா விடை. கரும்பலகை நிறைய எழுதிப் போட்டு, பார்த்து எழுதச் சொல்லி, நாளைக்கு மனப்பாடம் என்பது. நன்றாக வாசிக்கிற பிள்ளைக்கு இதனால் நட்டமில்லை. எழுத்துக்கூட்டுகிற பிள்ளைக்கு இது வெறும் கோடு போடும் வேலை. எழுத்தின் வடிவத்தைப் பார்த்து வரைந்துகொண்டே இருக்கும், ஒரு சொல்லும் உள்ளே போகாது. நோட்டு மட்டும் அழகாக இருக்கும். அந்த நோட்டை நம்பி நாமும் ஏமாறுவோம்.

அதற்குப் பதிலாக ஜூன் மாத நோட்டை எடுங்கள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் அவனுடைய ஜூன் நோட்டைக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் ‘குருவி’க்கு ‘குரவி’, ‘வண்டி’க்கு ‘வன்டி’. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இத நான் எழுதல டீச்சர், யாரோ எழுதிருக்காவ” என்றான். பெயரைக் காட்டினேன். பென்சிலை வாங்கி, ஒவ்வொரு தப்புக்கும் மேலே அவனே திருத்தி எழுதினான். ஒரு பக்கம் முடிந்ததும் அடுத்த பக்கத்தையும் கேட்டான். நான் எத்தனை முறை ‘நன்றாக எழுதுகிறாய்’ என்று சொல்லியிருந்தாலும் அந்தத் தைரியம் வந்திருக்காது. ஜூன் நோட்டு இல்லை என்றாலும் குறையில்லை. போன வகுப்புப் பாடப் புத்தகத்திலிருந்து ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். போன வருடம் கல்லாய்க் கிடந்த பத்தி இப்போது ஓடுகிறது என்று பிள்ளைக்கே தெரியும்.

வாசிக்கக் கேட்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் பக்கம் ‘வாழைப்பழம்’ ‘வாளப்பளம்’ என்றுதான் வரும். வீட்டில் எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள். எழுத்தை அடையாளம் கண்டு, சொல்லைப் பிடித்து, பொருள் புரிந்து வாசிக்கிற பிள்ளையை இதற்காக வாசிக்கத் தெரியாதவர் பட்டியலில் போடாதீர்கள். உச்சரிப்பைத் தனியாகத் திருத்தலாம். வாசிப்பின் நடுவே நிறுத்தி நிறுத்தித் திருத்தினால் பிள்ளை வாயையே மூடிக்கொள்ளும்.

2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் உண்டு. பிள்ளை நிற்கிற இடத்திலிருந்து கற்பிக்க வசதியாகச் செய்த ஏற்பாடு அது. ஆனால் வருடக் கடைசியில் அந்தப் பெயர் பிள்ளையின் மேலேயே ஒட்டிக்கொள்கிறது. “அவன் அரும்பு டீச்சர்” என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளையே பக்கத்துப் பிள்ளையைச் சொல்வதைக் கேட்டால் மனது பதறுகிறது. மார்ச் மாதம் எல்லாரையும் மறுபடி ஒருமுறை, ஒவ்வொருவராக, வாசிக்க வைத்துப் பாருங்கள். எத்தனையோ பேர் எப்போதோ மேலே வந்திருப்பார்கள், பட்டியல்தான் பழையதாக இருக்கும்.

கணக்கில் ஒரே ஒரு இடம்

கடைசி வாரத்தில் கணக்குப் பாடம் எல்லாவற்றையும் திருப்புதல் செய்ய முயல்வது இன்னொரு தவறு. எல்லாவற்றையும் தொட்டால் எதுவும் நிற்காது. மூன்றாம், நான்காம் வகுப்பில் ஒரே ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: இடமதிப்பு. இருநூற்று ஐந்தை எழுதச் சொன்னால் 2005 என்று எழுதுகிற பிள்ளை எல்லா வகுப்பிலும் உண்டு. காதில் விழுந்தபடி இருநூறை எழுதி, ஐந்தையும் எழுதிவிடுகிறது. பிள்ளை யோசித்துத்தான் எழுதியிருக்கிறது, இடமதிப்புதான் இன்னும் பிடிபடவில்லை. சிவப்பு மையால் அடித்தால் அந்த யோசனையும் சேர்ந்து போய்விடும்.

இதற்கு நம் ஊரில் செலவே இல்லாத கருவி ஈர்க்குச்சி. தென்னையோ பனையோ, வீட்டுக்கு ஒரு கைப்பிடி கொண்டுவரச் சொன்னால் வகுப்புக்கு வேண்டியது சேர்ந்துவிடும். ஒரே அளவாக நறுக்கி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு, பத்துக் கட்டைச் சேர்த்து நூறாகக் கட்டுங்கள். கட்டுகிற வேலையைப் பிள்ளைகள் செய்ய வேண்டும், நாம் கட்டிக் கொடுத்தால் பாதிப் பாடம் போய்விடும். அப்புறம் 502இலிருந்து 178ஐ எடுக்கச் சொல்லுங்கள். கையில் நூறு கட்டு ஐந்து, உதிரி இரண்டு. எட்டு உதிரி வேண்டும், இல்லை. பத்துக் கட்டை அவிழ்க்கலாம் என்றால் பத்துக் கட்டே இல்லை. இந்த இடத்தில் பிள்ளைகள் திகைத்து நிற்பார்கள். உடனே சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். யாராவது ஒரு பிள்ளை நூறு கட்டில் கை வைக்கும். அதை அவிழ்த்தால் பத்துக் கட்டு பத்து கிடைக்கும். அதில் ஒன்றை அவிழ்த்தால் உதிரி பன்னிரண்டு. எட்டை எடுத்தால் நாலு, ஒன்பது கட்டில் ஏழை எடுத்தால் இரண்டு, நாலு நூறில் ஒன்றை எடுத்தால் மூன்று. 324. ‘பக்கத்து வீட்டில் கடன் வாங்கு’ என்று வருடம் முழுக்கச் சொன்னது எங்கே நடக்கிறது என்று அப்போதுதான் கையில் தெரியும். ஒரு காலைப் பொழுது முழுக்க இதற்கே போனாலும் பரவாயில்லை.

வீட்டுக்கு அனுப்பும் செயல்திட்டங்கள்

தெர்மாகோல் வீடு, மின்னும் தாள் ஒட்டிய சார்ட், கடையில் விற்கும் படத் தாள். இவற்றைச் செய்வது பிள்ளை இல்லை, வீட்டார். முக்கூடல், வீரவநல்லூர்ப் பக்கம் எத்தனையோ வீடுகளில் அம்மா பீடி சுற்றுகிறவர். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. ராத்திரி எட்டு மணிக்குத் தட்டை மடியிலிருந்து இறக்கிவைத்துவிட்டு, நாளைக் காலைக்குள் சார்ட் வேண்டும் என்று அழுகிற பிள்ளையோடு கடைக்கு ஓட வேண்டும் என்றால் அது யாருக்கான படிப்பு? மறுநாள் வகுப்பில் நல்ல சார்ட்டைப் பாராட்டுகிறோம். அந்தப் பாராட்டு காசுள்ள வீட்டுக்குப் போகிறது. செயல்திட்டம் எதுவானாலும் வகுப்பறைக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடிய வேண்டும். காகிதமும் பசையும் பள்ளியில் இருக்க வேண்டும்.

இதையொட்டி, நம் மாவட்டத்தில் கட்டாயம் பேச வேண்டிய ஒன்று. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போய்வந்த பிள்ளைகளிடம் ‘எங்கள் குலதெய்வம்’ என்று எழுதச் சொல்வது இயல்பான யோசனையாகத் தோன்றும். வேண்டாம். எந்தச் சாஸ்தா, எந்த ஊர்க் கோயில், யார் யார் வந்தார்கள் என்று எழுதினால், இங்கே அது சாதியைச் சொல்லிவிடும். ‘என் குடும்ப மரம்’, ‘எங்கள் தெரு’ என்ற தலைப்புகளும் சில ஊர்களில் அப்படியே. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனை உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும், அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் உண்டு. கயிற்றை அவிழ்க்கச் சொல்லிவிட்டு நோட்டில் அதையே எழுதச் சொல்லக் கூடாது. கேள்வியை மாற்றினால் போதும். எந்த வண்டியில் போனீர்கள், வழியில் என்னென்ன பார்த்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், திரும்பி வரும்போது வெயில் எப்படி இருந்தது. பெருநாளுக்கு அத்தை வீட்டுக்குப் போன பிள்ளையும், ஈஸ்டருக்கு ஆச்சி வீட்டுக்குப் போன பிள்ளையும், எங்கேயும் போகாமல் குளத்தங்கரையில் விளையாடிய பிள்ளையும் இதற்குப் பதில் எழுதலாம்.

பங்குனி உத்திரத்தை ஒட்டி வகுப்பு பாதி காலியாக இருக்கும் என்பது தெரிந்ததே. முக்கியமான செயல்பாட்டை அந்த நாட்களில் வைத்துவிட்டு, வராத பிள்ளைகளைக் கோபிப்பதில் நியாயமில்லை. அந்த நாட்களில் வந்திருக்கிற சில பிள்ளைகளோடு பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கலாம். வருடம் முழுக்கக் கிடைக்காத அவகாசம் அது.

ஆண்டு விழா

ஆண்டு விழா வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மேடை கிடைக்கும் நாள் அது. தவறு ஒத்திகையில் இருக்கிறது. நன்றாக ஆடுகிற எட்டுப் பத்துப் பேரை வைத்து மூன்று வாரம் சினிமாப் பாட்டு ஒத்திகை நடக்கும். மற்றவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். பெரும்பாலும் வாசிப்பில் பின்தங்கியவர்களும் அந்த மரத்தடிக் கூட்டத்தில்தான் இருப்பார்கள். ஒத்திகையை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். அதுவும் வராந்தா நிழலில். ஏப்ரல் மாத மதிய வெயிலில் இங்கே மைதானத்தில் நிற்க வைப்பது தண்டனை. காலை நேரத்தைப் பாடத்துக்கு விட்டுவிடுங்கள். மேடையில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வரியாவது சொல்லட்டும். தான் எழுதிய நாலு வரியைத் தானே வாசிப்பது ஆட்டத்துக்குக் குறைந்த நிகழ்ச்சி இல்லை. ஒலிபெருக்கியில் தன் பிள்ளை வாசிப்பதைக் கேட்கிற தாய்தகப்பனைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். முதல் பரிசு, இரண்டாம் பரிசு எல்லாம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தேவையே இல்லை.

வெளியே கூட்டிப் போவதானால் பக்கத்தில் இருக்கிற இடம் போதும். நாங்குநேரி வட்டாரப் பள்ளிகளுக்குக் கூந்தன்குளம் இருக்கிறது. ஊருக்குள்ளேயே மரங்களில் நாரைகள் கூடு கட்டியிருக்கும். பிள்ளைகள் ஒரு மரத்துக்குக் கீழே நின்று கூடுகளை எண்ணிக் குறித்துக்கொண்டு வந்தாலே மறுநாளைக் கணக்குப் பாடம் தயார். ஆற்றங்கரை ஊர்களில் பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்த வயல். காலை உணவு முடிந்த கையோடு கிளம்பி, வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும். பத்து இடம் காட்டுகிற பேருந்துச் சுற்றுலாவில் சிறு பிள்ளைகளுக்கு ஜன்னலும் வாந்தியும்தான் மிஞ்சும்.

விடுமுறைக்கு ‘தினம் பத்துப் பக்கம் எழுதி வா’ என்று அனுப்புவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜூன் முதல் நாளுக்கு முந்தின ராத்திரி அக்கா எழுதிக் கொடுப்பாள். புத்தகம் கொடுத்து அனுப்புங்கள். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் வந்த நுழை, நட, ஓடு, பற என்ற சிறு நூல்கள் பல பள்ளிகளில் இருப்புப் பதிவேட்டுக்குப் பயந்து பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கின்றன. தொலைந்துவிடும் என்ற பயத்தைவிட, வாசிக்கப்படாமல் கரையான் அரிக்கும் என்ற பயம் பெரிதாக இருக்க வேண்டும். பிள்ளைக்கு இரண்டு என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கலாம். ஆச்சி வீட்டுக்குப் போகிற பிள்ளையிடம் பல்லாங்குழியும் தாயமும் கற்றுக்கொண்டு வரச் சொல்லலாம், அவற்றில் இல்லாத கணக்கா?

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். மொத்தமே இருபது முப்பது பேர் படிக்கும் பள்ளியிலிருந்து, பாடத்துக்கு ஒரு ஆசிரியர் வரும் பெரிய பள்ளிக்குப் போகிறார்கள். சான்றிதழைக் கொடுத்துப் பிரிவு விழா நடத்துவதோடு நின்றுவிடுகிறோம். ஏப்ரலில் ஒரு நாள் அந்தப் பள்ளிக்கே கூட்டிப் போய், ஆறாம் வகுப்பு அறையில் உட்கார வைத்து, கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே, பேருந்து எங்கே நிற்கும் என்று காட்டுங்கள். போன வருடம் நம்மிடம் படித்த பிள்ளைகள் அங்கே இருப்பார்கள், அவர்களே சுற்றிக் காட்டுவார்கள்.

கடைசியாக நோட்டுகள். வேலை நாள் முடிந்ததும் கட்டிப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடுவது எங்கும் வழக்கம். அதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையின் ஜூன் பக்கம் ஒன்றையும் ஏப்ரல் பக்கம் ஒன்றையும் கிழித்து, சேர்த்துக் குத்தி, பின்பக்கம் மூன்று வரி எழுதுங்கள்: என்ன வாசிக்கிறது, கணக்கில் எங்கே நிற்கிறது, எதைக் கொடுத்தால் முகம் மலர்கிறது. அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் கோடை விடுமுறைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். ஜூனில் கொடுக்கலாம் என்று வைத்தால், அதற்குள் இடமாறுதல் கலந்தாய்வு வந்து நீங்கள் வேறு பள்ளியில் இருக்கலாம்.